உழைக்கப் போனவனுக்குக் கமரா எதற்கு?



பதிவு கொஞ்சம் நீளம். முழுதாக வாசித்துவிட்டுத் திட்ட விரும்புகிறவர்கள் தாராளமாகத் திட்டுங்கள். பாதியில் நிறுத்திவிட்டுத் திட்ட வேண்டாம்.

கடந்த கிழமை நமது ஊர்ப் பக்கமொன்றில் ஒரு தம்பியின் படங்கள் ஐந்து வந்திருந்தன. கட்டாரில், தோஹா நகரில் ஏசி திருத்தும் வேலை செய்கிறார். பாவித்த கமரா ஒன்றை வாங்கி, கிட்டத்தட்ட ஒரு வருடமாக லீவு நாட்களில் படம் எடுக்கப் பழகி வருகிறார். நான்கு படங்கள் அந்த நகரத்தைப் பற்றியவை: கோர்னிஷ் கரையில் கட்டிக் கிடக்கும் பழைய மரப் படகுகள், தூசிக் காற்றில் பாதி மறைந்துபோன உயர்ந்த கட்டடங்கள், சூக் வாகிஃபின் மண் நிறச் சுவரும் அதில் விழுந்த நிழலும், இஸ்லாமியக் கலை நூதனசாலையின் வெளிப்புறம். ஐந்தாவது, அவர் தங்கியிருக்கும் அறை.

கீழே வந்த கருத்துகளில் நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். மற்றவை எல்லாம் இந்த நான்கின் பிள்ளைகள்தான்.

"உழைக்கப் போனானா, படம் புடிக்கப் போனானா?"

"கமரா வாங்கக் காசி இருக்கி, வாப்பாட கடன அடைக்கக் காசி இல்லயாக்கும்."

"உருவப் படம் ஹறாம் எண்டு இவனுக்கு ஓதித் தந்தவங்க சொல்லல்லயா?"

"ரூமப் படம் புடிச்சிப் போட்டு ஊர்ட மானத்த வாங்கிறான்."

அந்தத் தம்பி ஒருவருக்கும் பதில் எழுதவில்லை. பதிவை எடுத்துவிடும்படி மட்டும் கேட்டார், எடுத்துவிட்டார்கள். இப்போது கமராவையும் விற்கப் போகிறாராம். ஒரு காலத்தில் எங்கள் வகுப்பில் இருந்த பிள்ளை. அவர் சொல்லாத பதிலை நாங்கள் சொல்கிறோம்.

காசிலிருந்து தொடங்குவோம். நமக்கு அதுதான் சீக்கிரம் விளங்கும்.

அவர் வாங்கியது பாவித்த கமரா. கூடவே வருகின்ற சாதாரண 18-55 லென்ஸ். அவ்வளவுதான். பெருநாளைக்கு ஊர் வருகிறவர்கள் கையில் கொண்டுவரும் புதிய ஐபோன் ஒன்றின் விலைக்கு அப்படியான கமராவும் லென்ஸும் வாங்கி மிச்சமும் இருக்கும். அந்த ஐபோனோடு வருகிறவரைப் பார்த்து "வாப்பாட கடன் என்னாச்சு?" என்று நம்மில் எவராவது கேட்டிருக்கிறோமா? கேட்க மாட்டோம். "மாஷா அல்லாஹ், நல்லா உழைக்கிறான்" என்போம். நாளைக்கு இரண்டு பெட்டி சிகரெட் ஊதித் தள்ளுகிறவரிடமும் நாம் கணக்குக் கேட்பதில்லை. பார்ப்பவன் கண்ணுக்குத் தெரியும் செலவு நமக்குப் பெருமை. தன் மனதுக்கென்று ஒருவன் செய்யும் செலவுதான் நமக்கு வீண்விரயம்.

கணக்கு என்று வந்துவிட்டதால் இன்னொன்றையும் பேசிவிடுவோம். நமது பகுதியில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் எத்தனை கலியாணம் நடக்கிறது? அந்த வீட்டுக் கல்லும் சீமெந்தும் எங்கிருந்து வருகின்றன? வாப்பாவுடையது ஒரு பங்கு. மிச்சம் காக்காமாரும் தம்பிமாரும் மத்திய கிழக்கிலிருந்து அனுப்புவது. ஒரு பொடியன் 22 வயதில் விமானம் ஏறுகிறான். ராத்தாவின் வீட்டை முடிக்கிறான். தங்கச்சியின் வீட்டுக்கு அத்திவாரம் போடுகிறான். 32 வயதில் முடி கொட்டி ஊர் வந்து, வேறொரு பொடியன் அதேபோல வெயிலில் நின்று தன் தங்கச்சிக்குக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குள் மாப்பிள்ளையாகப் போகிறான். பத்து வருட இளமையைக் கல்லாக மாற்றும் இந்த ஏற்பாட்டைப் பற்றி ஒரு வரி கருத்து எழுத நமக்கு வாய் வராது. பழைய கமரா ஒன்றைக் கண்டால் மட்டும் இஸ்ராஃப் பற்றிய ஹதீஸ்கள் எல்லாம் ஞாபகம் வருகின்றன.

அடுத்தது மார்க்கம்.

இதில் நாங்கள் ஃபத்வா சொல்ல வரவில்லை. அது உலமாக்களின் வேலை. ஆனால் உலமாக்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்பதையாவது முழுதாகச் சொல்ல வேண்டும். எகிப்தின் தலைமை முஃப்தியாக இருந்த ஷெய்க் முஹம்மத் பகீத் அல்முதீஈ, கமராவில் எடுப்பது படைப்பதல்ல, இருக்கின்ற நிழலைப் பிடித்து நிறுத்துவது என்று சொல்லி, அது ஆகும் என்று தனி நூலே எழுதினார். சவூதியின் ஷெய்க் இப்னு பாஸ் போன்றவர்கள் உயிருள்ளவற்றின் படத்தைத் தேவைக்கு மட்டும் என்று இறுக்கமாகச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் மதிப்புக்குரிய அறிஞர்கள். ஆனால் அந்த இறுக்கமான பக்கத்தையே எடுத்துக்கொண்டாலும், படகுக்கும் சுவருக்கும் கட்டடத்துக்கும் காலியான அறைக்கும் என்ன ஹுக்ம்? உருவம் செய்து பிழைத்த ஒருவரிடம் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள், செய்தே ஆக வேண்டுமென்றால் மரத்தையும் உயிரில்லாதவற்றையும் செய்யும்படி வழிகாட்டியது ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. அந்தத் தம்பியின் ஐந்து படங்களிலும் ஒரு மனித முகம்கூட இல்லை. ஹறாம் என்று எழுதியவர் படத்தைப் பார்க்கவேயில்லை. கமரா என்ற சொல்லை மட்டும் பார்த்தார்.

இத்தனைக்கும் நமது கலியாண வீடுகளில் தலைக்கு மேலே டிரோன் பறக்கிறது. பெண்கள் பக்கத்துக்கும் வீடியோக்காரர் போகிறார். அப்போது தேடாத ஹுக்மை, விடியற்காலையில் கடற்கரையில் படகைப் படமெடுத்த ஒரு பிள்ளையிடம் தேடுவது மார்க்கப் பற்று அல்ல.

மூன்றாவது, "படம் புடிக்கப் போனானா?" என்ற கேள்வி. இதில் நாங்கள் கொஞ்சம் நேரம் எடுக்கப் போகிறோம். படிப்பிக்கிறவர்களுக்கு இந்தக் கேள்விதான் அதிகம் வலிக்கிறது.

பாலைவன நகரமொன்றில் கமரா பழகுவது என்றால் என்ன என்று கேட்டவர்களுக்குத் தெரியுமா? நமது ஊரில் மழை முடிந்த பின்னேரம் வாழைத்தோட்டத்துப் பக்கம் போய் நின்றால் எந்தப் போனிலும் நல்ல படம் வரும். அங்கே அப்படியல்ல. கோடையில் 45 பாகையைத் தாண்டும் வெயில். ஜூன் மாதத்தில் தோஹாவின் நடுப்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேரே நிற்கும். ஒரு கம்பத்தின் நிழல் அதன் காலடியிலேயே சுருண்டுவிடும். நிழல் இல்லாத வெளிச்சத்தில் எல்லாம் தட்டையாகத் தெரியும். சுவரும் வீதியும் வானமும் ஒரே வெளிறிய நிறம். ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பின்னேரம் 3.30 வரை திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது என்று அந்த நாட்டிலேயே சட்டம் இருக்கிறது. அப்படியான வெயில்.

ஆகவே பழகுகிற பிள்ளை முதலில் படிப்பது நேரம். ஜூனில் அங்கே சூரியன் அதிகாலை 4.45 மணியளவில் எழும்பிவிடும். 6 மணி ஆகும்போதே வெளிச்சம் கடுமையாகிவிடும். ஸுப்ஹு தொழுதுவிட்டு உடனே நடந்தால்தான் அந்த நீல வெளிச்சம் கிடைக்கும். லீவு என்பது வெள்ளிக்கிழமை ஒன்றுதான். கிழமை முழுக்க மொட்டை மாடிகளில் ஏசி யூனிட்டுகளோடு மாரடித்தவன், கிடைக்கும் ஒரேயொரு லீவு நாளில் பகல்வரை தூங்காமல், ஸுப்ஹுக்கு எழும்பி, தொழுது, கமராவோடு கடற்கரைக்கு நடக்கிறான். பிள்ளைகளை ஸுப்ஹுக்கு எழுப்பப் பாடுபடும் வாப்பாமார் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

படம் எடுப்பவர்கள் தேடும் நேரங்கள் எவை? சூரியன் எழும்புவதற்குச் சற்று முன்னும் பின்னும். அஸருக்குப் பின் நிழல் நீளும்போது. மஃரிபுக்குப் பின் செம்மை மறையும்வரை. நமது தொழுகை நேரங்களே வெளிச்சத்தின் நேரங்கள்தான். ஒரு பொருளின் நிழல் அதன் நீளமளவு ஆகும்போது அஸர் என்று கிதாபில் ஓதியதை அந்தத் தம்பி கையில் கமராவோடு நின்று பார்த்திருக்கிறார். "சேர், நிழல் நீளமாகினாத்தான் சுவருட கரடுமுரடு எல்லாம் தெரியுது" என்று ஒருநாள் குரல் பதிவு அனுப்பியிருந்தார். மதரஸாவில் ஓதியதும் பாடசாலையில் படித்ததும் ஒரு சுவரில் வந்து சந்தித்த இடம் அது.

இரண்டாவது படிப்பு, வெள்ளை. கமராவின் ஒளிமானிக்கு எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் என்றே நினைக்கும். வெள்ளைத் தோப் உடுத்தவரை, வெள்ளைச் சுவரை, வெயில் விழுந்த மணலைக் காட்டினால், வெளிச்சம் கூடிவிட்டது என்று எண்ணிப் படத்தை இருட்டாக்கிவிடும். கறுப்பு அபாயாவைக் காட்டினால் மறுபக்கம் பிழைக்கும். ஆகவே மணலைக் கண்டால் வெளிச்சத்தைக் குறைக்காமல் ஒரு படி கூட்ட வேண்டும். இயந்திரம் சொல்வதை அப்படியே நம்பாதே, உன் கண்ணால் பார்த்துத் திருத்து என்பதைப் பத்து வருடம் கரும்பலகையில் எழுதினாலும் ஒரு பிள்ளைக்கு இவ்வளவு தெளிவாக விளங்காது.

மூன்றாவது, ஈரமும் தூசியும். தோஹா பாலைவனம் என்பதால் காய்ந்த ஊர் என்று நினைக்கிறோம். ஆகஸ்ட் மாதத்தில் கடல் ஈரம் கண்ணாடியில் வழியும். ஏசி அறையில் குளிர்ந்த கமராவை அப்படியே வெளியே எடுத்தால் லென்ஸ் நொடியில் பனி பிடித்துவிடும். துடைத்தால் மறுபடியும் பிடிக்கும். இறுக மூடிய பையில் போட்டபடி வெளியே கொண்டுபோய், அந்தச் சூட்டுக்குக் கமரா பழகும்வரை அரை மணித்தியாலம் பொறுத்து, பிறகே பையைத் திறக்க வேண்டும். ஷமால் காற்று அடிக்கும் நாட்களில் வெளியில் லென்ஸ் கழற்றக் கூடாது. மணல் ஒட்டிய கண்ணாடியைத் துணியால் தேய்த்தால் கீறல் விழும், முதலில் காற்றூதியால் ஊதிவிட வேண்டும். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் கமராவை விட்டுப் போகக் கூடாது. இதெல்லாம் ஏசி திருத்துகிறவருக்குப் புதிதும் அல்ல. குளிர்ந்த கண்ணாடியில் ஏன் நீர் படிகிறது என்பது அவருடைய தொழில். தொழிலும் ஆசையும் ஒன்றையொன்று கெடுக்கும் என்று யார் சொன்னது?

நான்காவது, கணிதம். லென்ஸின் துளை அளவு 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று போகும். ஏன் இந்த விசித்திர எண்கள் என்று கேட்டு அவர் எங்களுக்கு எழுதினார். விட்டத்தை இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வட்டத்தின் பரப்பளவு பாதியாகும், வெளிச்சமும் பாதியாகும். சாதாரண தரக் கணக்கு. வகுப்பில் "இதெல்லாம் எங்க சேர் தேவப்படும்?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தவரே இவர்தான். நல்ல வெயிலில் 16ஐ வைத்து, ஐஎஸ்ஓ 100 என்றால் ஷட்டரை ஒரு செக்கனின் நூறில் ஒன்றாக வைத்தால் படம் சரியாக வரும் என்ற பழைய விதியைத் தோஹா வெயிலில் தானே செய்து பார்த்து, ஒரு பாகத்தால் பிந்தினால் என்ன, முந்தினால் என்ன என்று அட்டவணை போட்டு அனுப்பினார். பரீட்சை முடிந்து ஆறு வருடத்தின் பின், ஒருவரும் கேட்காமல், புள்ளி எதுவும் கிடைக்காது என்று தெரிந்தும் ஒரு பிள்ளை கணக்குச் செய்கிறது. கல்வி என்று கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்தது இதைத்தான்.

"இதால என்ன வருமானம்?" என்று கேட்பவர்களுக்கு: ஒன்றும் இல்லை. இருக்கவும் தேவையில்லை. நமது ஊரில் ஒருவன் ஒன்றைப் பழகினால் உடனே "அப்ப கலியாண வீட்டு ஓடர் எடுக்கலாமே" என்கிறோம். அவன் பொழுதுபோக்கையும் சம்பளத்துக்கு எழுதிக் கேட்கிறோம். கிழமையில் ஆறு நாள் கம்பனிக்கு. சம்பளம் குடும்பத்துக்கு. வெள்ளிக்கிழமை விடியலில் இரண்டு மணித்தியாலம், அது மட்டும் அவனுக்கு. அதிலும் நாம் கை வைக்க வேண்டுமா?

பாடசாலைகளிலும் இந்த நோய் இருக்கிறது. சித்திரப் பாடவேளையைக் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் "ஒரு பாடவேளை தாங்க சேர்" என்று வாங்கிக்கொள்வது சாதாரணம். கணிதம் கூடியதா இல்லையோ, கண் மூடிப்போனது. பார்க்கத் தெரியாத ஒரு சமூகத்தை வளர்த்துவிட்டு, ஒருவன் தானாகப் பார்க்கப் பழகும்போது அவனையும் பிடித்து இழுக்கிறோம்.

இதில் நமக்குப் பெருமை பேச மட்டும் குறைவில்லை. கமரா என்ற சொல் அரபியிலிருந்து வந்தது என்று அடிக்கடி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும். அது தவறு, சொல் இலத்தீன். இருண்ட அறை என்ற இலத்தீன் சொற்றொடரின் பாதி அது. ஆனால் உண்மையான பெருமை அதைவிடப் பெரியது. 965ஆம் ஆண்டளவில் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம், பொருளிலிருந்து வெளிச்சம் கண்ணுக்கு வருவதால்தான் பார்க்கிறோம் என்று கிதாபுல் மனாழிரில் நிறுவினார். கிரகணச் சூரியனின் பிறை வடிவம் சிறு துளையினூடாக எப்படி விழுகிறது என்று தனி நூல் எழுதினார். அவர் பெயரை மீலாத் விழாப் பேச்சுப் போட்டியில் பிள்ளைகளுக்குப் பாடமாக்கிக் கொடுக்கிறோம். அதே வெளிச்சத்தைச் சொந்தமாகப் பரிசோதிக்கும் பிள்ளையைப் பார்த்து "வேலையில்லாதவன்" என்கிறோம்.

மதீனாவின் முதல் புகைப்படங்களை எடுத்தவர் ஒரு முஸ்லிம். எகிப்திய இராணுவப் பொறியியலாளர் முஹம்மத் ஸாதிக் பே, 1861இல். அன்றைய முறையில் கண்ணாடித் தட்டில் மருந்து பூசி, ஈரம் காயுமுன் படமெடுத்து, காயுமுன்பே கழுவி எடுக்க வேண்டும். அரபு நாட்டுச் சூட்டில் அது எவ்வளவு சீக்கிரம் காயும் என்று எண்ணிப் பாருங்கள். 1880இல் மக்காவையும் எடுத்தார். அதன்பின் மக்காவிலேயே வாழ்ந்த மருத்துவர் அஸ்ஸெய்யித் அப்துல் கஃப்பார் கமரா பழகி, கஅபாவையும் ஹாஜிகளையும் எடுத்தார். 1885இல் அங்கே தங்கியிருந்த ஒல்லாந்து அறிஞர் ஸ்னூக் ஹுர்க்ரோன்ய பிறகு அவற்றில் பலவற்றைத் தன் படத்தொகுப்பில் வெளியிட்டார். அப்துல் கஃப்பாரின் பெயர் அதில் இல்லை. படத்தட்டில் அவர் எழுதிய கையொப்பமும் அழிக்கப்பட்டிருந்தது. நெடுங்காலத்துக்குப் பிறகே ஆய்வாளர்கள் அந்தப் பெயரை மீட்டார்கள். தன் வாழ்க்கையைத் தான் பதிந்து தன் பெயரையும் போடாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டாம்.

இப்போது நான்காவதுக்கு வருகிறோம். மானம்.

அந்த ஐந்தாவது படத்தில் என்ன இருந்தது? இரண்டடுக்குக் கட்டில்கள். கீழ்க்கட்டிலைச் சுற்றித் திரையாகக் கட்டிய பழைய சாரம். கதவடியில் ஆறு சோடி சேஃப்டி சப்பாத்து. ஆணியில் தொங்கும் தொப்பி. ஜன்னலால் விழும் ஒரு கீற்று வெளிச்சம் அந்தச் சப்பாத்துகளில் மட்டும் படுகிறது. நாங்கள் பார்த்தவற்றில் மிக நல்ல படம் அது. நமக்குக் கோபம் வந்ததும் அதற்குத்தான்.

ஏன்? 1970களின் நடுப்பகுதியில் நம்மவர்கள் எண்ணெய் நாடுகளுக்குப் போகத் தொடங்கியதிலிருந்து ஊருக்கு வந்த படங்களை எண்ணிப் பாருங்கள். ஸ்டூடியோவில் நீர்வீழ்ச்சித் திரைக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடியோடு. யாரோ ஒரு அரபியின் காரில் சாய்ந்தபடி. பிறகு மோல் வாசலில், கோபுரத்துக்குக் கீழே. கேசட்டில் குரல் அனுப்பிய காலத்திலிருந்து வீடியோ கோல் காலம்வரை, ஐம்பது வருடத்தில் அந்த அறையின் படம் நமது வீடுகளில் எத்தனை இருக்கிறது? நமது வாப்பாமார் எந்தக் கட்டிலில் படுத்தார்கள், எந்தச் சட்டியில் சோறு ஆக்கினார்கள், எந்த ஜன்னலால் எதைப் பார்த்தார்கள் என்று நமக்குத் தெரியாது. அவர்கள் காட்டவில்லை. நாமும் கேட்கவில்லை. காசு வந்தது, போதும்.

ஆகவே நமக்குப் படத்தில் பிரச்சினை இல்லை. வேறொருவர் காரில் சாய்ந்து நிற்கும் படத்துக்கு முந்நூறு லைக் போடுகிறோம். அந்தப் படத்தைப் பார்த்து மூன்று பொடியன்மார் உயர்தரத்தைப் பாதியில் விட்டு ஏஜென்சிக்குப் போகிறார்கள். அது மானக்கேடு இல்லை. உண்மையான அறையைக் காட்டினால் மானம் போய்விடுகிறது. அந்தச் சப்பாத்துகளிலா வெட்கம் இருக்கிறது? நமது வீடுகளின் டைல்ஸும் கேற்றும் அந்தச் சப்பாத்துகளிலிருந்து வந்தவை. நமக்கு வெட்கம் என்றால் அதைப் பார்க்க நமக்குத்தான் முகம் இல்லை.

கமரா பழகும் தம்பிமாருக்கும் சில வார்த்தை. உங்களுக்காகப் பேசுகிறோம் என்பதால் உங்களுக்குச் சொல்லவும் உரிமை எடுத்துக்கொள்கிறோம்.

கடன் வாங்கிக் கமரா வாங்காதீர்கள். கையில் இருக்கும் போனில் தொடங்குங்கள். வெளிச்சம் பிடிபட்ட பிறகு பாவித்த ஒன்றைப் பாருங்கள். விலைகூடிய லென்ஸ் நல்ல கண்ணைத் தராது.

அந்த நாடுகளின் சட்டத்தை விளையாட்டாக எடுக்காதீர்கள். அனுமதியில்லாமல் ஒருவரைப் படமெடுத்துப் பரப்புவது கட்டாரிலும் அமீரகத்திலும் சிறைவரை கொண்டுபோகும் குற்றம். விபத்தில் அடிபட்டவரை எடுப்பது கட்டாரில் சட்டத்திலேயே தனியாகச் சொல்லப்பட்ட குற்றம். பெண்கள், குடும்பங்கள், அரச, இராணுவ இடங்கள் பக்கம் கமராவைத் திருப்பவே வேண்டாம். செக்கியூரிட்டி வந்து டிரைபொட்டை எடுக்கச் சொன்னால் தர்க்கம் பண்ணாமல் எடுங்கள். அவரும் உங்களைப் போல ஒரு வீட்டுக்குக் காசு அனுப்புகிறவர்தான்.

சட்டத்துக்கு மேலே அதபும் இருக்கிறது. வெயிலில் வேலை செய்யும் நேபாளத் தொழிலாளியின் களைத்த முகம் "நல்ல படம்" என்று தூரத்திலிருந்து திருடாதீர்கள். பக்கத்தில் போய் ஸலாமோ வணக்கமோ சொல்லிக் கேளுங்கள். மாட்டேன் என்றால் சிரித்துவிட்டு வாருங்கள். அறையைப் படமெடுத்த தம்பி அதைத்தான் செய்தார். ஐந்து பேரிடமும் கேட்டு, அவர்கள் வெளியில் போயிருந்த நேரம் பார்த்து, ஒருவர் பெயரும் தெரியாதபடி எடுத்தார். மானத்தைப் பற்றி அவருக்கு நாம் படிப்பிக்கத் தேவையில்லை.

எடுத்தவற்றை எல்லாம் பக்கங்களில் கொட்டாதீர்கள். வருடத்துக்குப் பத்துப் படங்களைத் தெரிந்து கடதாசியில் அச்சிட்டு வையுங்கள், பின்னால் திகதியும் இடமும் உங்கள் பெயரும் எழுதி. போன் தொலையும், கணக்கு முடங்கும். கடதாசி உம்மாவின் அலுமாரியில் இருக்கும்.

இனி ஊருக்கு. நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை.

நூலகத்திலோ பாடசாலை மண்டபத்திலோ வருடத்தில் ஒருநாள், வெளிநாட்டில் இருக்கும் நமது பிள்ளைகள் எடுத்த படங்களை அச்சிட்டு ஒட்டுவோம். முகமில்லாத படங்களே போதும், அதனால் எவருக்கும் சங்கடம் இல்லை. உயர்தரத்தை விட்டுவிட்டுப் போகத் துடிக்கும் மாணவர்கள் அந்த வெயிலையும் அந்த அறையையும் பார்க்கட்டும். பார்த்த பிறகும் போவதென்றால் தெரிந்துகொண்டு போகட்டும். வாப்பாமார், உம்மாமார் பார்க்கட்டும். இந்த வேலையைச் செய்ய நாங்கள் தயார். மண்டபம் தர யார் தயார் என்று கீழே எழுதுங்கள்.

கருத்து எழுதியவர்களில் ஒருவருடைய பெயரையும் நாங்கள் இங்கே போடவில்லை. போடப் போவதுமில்லை. ஆனால் அந்தத் தம்பியின் இலக்கம் உங்களில் பலரிடம் இருக்கிறது. கமரா இன்னும் விற்கப்படவில்லை என்றுதான் கேள்வி. ஒரு குரல் பதிவு போதும்.

மற்ற வீடுகளுக்கும் ஒன்று. இந்த வெள்ளிக்கிழமை மகனோ காக்காவோ கோல் எடுத்தால், காசு போட்டாச்சா என்ற கேள்வியை ஐந்து நிமிடம் பிந்திக் கேளுங்கள். அதற்கு முன்னால், இண்டைக்கு வெள்ளாப்புல எங்க போனாய், என்ன கண்டாய் என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல அவர்களிடம் நிறைய இருக்கிறது.

வஸ்ஸலாம்.